கிழிக்கிற காலண்டரில் சீன வரலாறு படிப்பது எப்படி

என் தம்பி மதுரை மேலமாசி வீதிப் பக்கம் காலண்டர் ஆர்டர் எடுக்கிறவன். ஆடிப்பெருக்கு அன்று சிவகாசியில் புது ஆல்பம் வெளியாகும். அதைத் தூக்கிக்கொண்டு நகைக்கடை, ஜவுளிக்கடை, மருந்துக்கடை என்று மார்கழி வரை அலைவான். ஒரு வருடம் ஒரு ஜவுளிக்கடைக்கு அடித்த இருநூறு தினசரி காலண்டரில் 'சில்க்ஸ்' என்பதில் ஓர் எழுத்து விழுந்து 'சிக்ஸ்' ஆகிப்போனது. கடைக்காரர் ஒன்றைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. அத்தனையும் தம்பி வீட்டுப் பரணில் ஏறியது.

அதே சமயத்தில்தான் அக்காவின் பேத்தி போட்டித் தேர்வுக்குப் படிக்க வந்து என் வீட்டில் தங்கியிருந்தாள். ஒரு நாள் புத்தகத்தை மூடிவிட்டு, "சின்ன அம்மாச்சி, எல்லாம் ஏறுது, இந்தச் சீனா மட்டும் ஏற மாட்டேங்குது. பேரெல்லாம் ஒரே மாதிரி இருக்கு, தேதி ஒண்ணும் நிக்க மாட்டேங்குது" என்றாள். முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவள் நான். உண்மையைச் சொன்னால், எனக்கும் சீனா என்பது இரண்டு பீரியடில் முடிக்கிற பாடம்தான். அபினிப் போர், சன் யாட்-சென், மாவோ, மணி அடித்துவிடும்.

பரணிலிருந்து ஒரு 'சிக்ஸ்' காலண்டரை இறக்கினோம். அதை வைத்து ஒரு வருடம் படித்ததில் எங்கள் இருவருக்கும் பிடிபட்ட வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கும் ஆகும், சும்மா தெரிந்துகொள்ள நினைக்கிறவர்களுக்கும் ஆகும்.

எதற்குக் காலண்டர்?

சீனர்கள் தங்கள் சமீப வரலாற்றைத் தேதியால்தான் கூப்பிடுகிறார்கள். அவர்கள் மொழியில் மாதங்களுக்கு நம்மைப் போலத் தனிப்பெயர் கிடையாது, முதல் மாதம், இரண்டாம் மாதம் என்று எண்தான். அதனால் மே 4 என்பது 'ஐந்து-நான்கு', வூ-ஸி. செப்டம்பர் 18 'ஒன்பது-ஒன்று-எட்டு', ஜியூ-யீ-பா. ஜூன் 4 'ஆறு-நான்கு', லியூ-ஸி. நிகழ்ச்சிக்கு வேறு பெயரே வேண்டாம், எண்ணைச் சொன்னால் போதும். ராணுவத்தின் சின்னத்திலேயே 'எட்டு-ஒன்று' இருக்கிறது, 1927 ஆகஸ்ட் 1 நான்சாங் எழுச்சியின் நினைவாக.

ஆக, முந்நூற்று அறுபத்தைந்து தாளில் எந்தத் தாளுக்கு அரசு விடுமுறை விடுகிறது, எதற்குச் சங்கு ஊதுகிறது, எதைப் பற்றி மூச்சு விடாமல் இருக்கிறது என்று பார்த்தால் போதும். ஒரு நாடு தன்னை யார் என்று நினைத்துக்கொள்கிறது என்பது தெரிந்துவிடும். மன்னர் வரிசை மனப்பாடம் செய்கிற மாதிரி தலைவர்கள் வரிசையை மனப்பாடம் செய்தால் இது கிடைக்காது.

வாங்க வேண்டியவை

பழைய தினசரி காலண்டர் ஒன்று. கிழமை எதுவானாலும் பரவாயில்லை. தாளின் பின்பக்கம் வெள்ளையாக இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். சிலதில் பின்னால் வீட்டு வைத்தியக் குறிப்பு அடித்திருப்பார்கள், அது உதவாது. தாளைக் கிழிக்கக் கூடாது. மேலே தூக்கி மடித்து ஒரு கிளிப் போட்டுவிட்டுப் பின்பக்கத்தில் எழுத வேண்டும்.

அப்புறம் சிவப்புப் பேனா, நீலப் பேனா, பென்சில். அரசு கொண்டாடுகிற நாளுக்குச் சிவப்பு. துக்கமாகவோ அவமானமாகவோ நினைவில் வைத்திருக்கிற நாளுக்கு நீலம். பேச விடாத நாளுக்குப் பென்சில்.

ஒரு நோட்டில் கடைசிப் பக்கத்தை ஆட்பெயர், ஊர்ப்பெயருக்கு ஒதுக்குங்கள். நம் இனிஷியல் முன்னால் நிற்பது போல அவர்களுக்குக் குடும்பப் பெயர் முன்னால் நிற்கும். மாவோ, தெங், ஷி எல்லாம் குடும்பப் பெயர்கள். தமிழில் பழைய புத்தகம் எடுத்தால் பீகிங், நான்கிங், கான்டன் என்று இருக்கும். புதியதில் பெய்ஜிங், நான்ஜிங், குவாங்சோ. மாவோவை எதிர்த்த தேசியவாதத் தலைவர் சியாங் கை-ஷேக் சில இடங்களில் ஜியாங் ஜியெஷி ஆகிவிடுவார். என்னிடம் படித்த ஒரு பையன் இந்த இரண்டு பேரையும் சண்டை போட்டுக்கொண்ட இரண்டு தளபதிகளாக்கி ஒரு பக்கம் எழுதியிருந்தான். கற்பனைக்கு அரை மார்க் போட்டேன்.

புத்தகத்துக்குச் சிம்மக்கல் மாவட்ட மைய நூலகம் போங்கள், அல்லது புதுநத்தம் சாலையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம். ஒரே புத்தகத்தை நம்பாமல் இரண்டு மூன்றை ஒப்பிட்டுத் தேதியை எடுங்கள். இந்தப் பாடத்தில் தேதியே நகரும், பின்னால் சொல்கிறேன்.

முதல் தாள்: மே 4

எல்லோரும் அபினிப் போரில் தொடங்குவார்கள். நான் மே 4-இல் தொடங்கச் சொல்வேன். முன்னால் போகவும் பின்னால் போகவும் வசதியான இடம் அது.

1919, ஞாயிற்றுக்கிழமை. முதல் உலகப் போர் முடிந்து பாரிஸில் பேச்சுவார்த்தை நடக்கிறது. நேச நாடுகள் பக்கம் நின்ற சீனா, ஐரோப்பியப் போர்முனைக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் கூலியாட்களை அனுப்பியிருந்தது. ஷான்டோங் மாகாணத்தில் ஜெர்மனி வைத்திருந்த உரிமைகள் தங்களுக்கே திரும்பும் என்று நம்பியது. அவை ஜப்பானுக்குப் போகும் என்று செய்தி வந்தது. பெய்ஜிங்கின் பதின்மூன்று கல்லூரி, பள்ளிகளிலிருந்து மூவாயிரம் மாணவர்கள் தியானன்மென் வாசலில் கூடினார்கள். வெளிநாட்டுத் தூதரகங்கள் இருந்த பகுதிக்குள் விடவில்லை. கூட்டம் திரும்பி, ஜப்பானுக்குச் சாதகமானவர் என்று பெயரெடுத்த அமைச்சர் ட்சாவ் ரூலின் வீட்டுக்குப் போய்த் தீ வைத்தது. அவர் ஒளிந்துகொண்டார், உள்ளே இருந்த இன்னோர் அதிகாரி அடி வாங்கினார். 32 பேர் கைதானார்கள். ஜூனில் ஷாங்காய் வியாபாரிகளும் தொழிலாளர்களும் கடையடைப்பு, வேலைநிறுத்தம் என்று இறங்கியதும் அரசு மூன்று அதிகாரிகளைப் பதவியிலிருந்து இறக்கியது. ஜூன் 28 அன்று வெர்சாய் ஒப்பந்தத்தில் சீனா கையெழுத்துப் போடவில்லை.

இப்போது காலண்டரில் மூன்று வாரம் பின்னால் புரட்டுங்கள், ஏப்ரல் 13, ஜாலியன்வாலா பாக். அதே வருடம். போர் முடிந்ததும் ஏதாவது கிடைக்கும் என்று காத்திருந்த இரண்டு பெரிய நாடுகள் ஒரே வசந்தத்தில் ஏமாந்தன. இதைப் பேத்தியிடம் காட்டியபோதுதான் அவள் முதல் தடவையாகத் தானே பேனாவை எடுத்தாள்.

அந்தத் தாளை இன்னும் முடித்துவிடவில்லை. இன்று மே 4 சீனாவில் இளைஞர் நாள். நாட்டுப்பற்று நாளாகச் சிவப்பில் எழுதலாம். ஆனால் அன்றைய இளைஞர்களின் பத்திரிகைகளில் இரண்டு பேரைச் செல்லமாக அழைத்தார்கள். 'ஸை ஐயா' என்றால் அறிவியல், 'தெ ஐயா' என்றால் ஜனநாயகம். 1989-இல் எழுபதாவது ஆண்டு நிறைவன்று தியானன்மென் சதுக்கத்துக்கு ஊர்வலம் போன மாணவர்கள், நாங்கள்தான் அந்த மே 4-இன் வாரிசுகள் என்றார்கள். அந்த வரியைப் பென்சிலில் எழுத வேண்டும். ஒரே தாளில் இரண்டு நிறம் வந்துவிட்டதா? சரி, நீங்கள் படிக்கத் தொடங்கிவிட்டீர்கள்.

வருடத்துக்குப் பெயர் வைப்பது நமக்கும் தெரியும்

தாள்களில் தேதி இருக்கிறது, வருடத்துக்கு என்ன செய்வது? இங்கே தமிழர்களுக்கு ஒரு வசதி உண்டு, வேறு பலருக்கு அது கிடையாது. பிரபவ முதல் அட்சய வரை நமக்கு அறுபது வருடச் சுற்று இருக்கிறது அல்லவா, சீனர்களுக்கும் அறுபதுதான். பத்துக் குறிகளையும் பன்னிரண்டு குறிகளையும் சேர்த்துச் சேர்த்து அறுபது பெயர் செய்வார்கள். பன்னிரண்டு என்பது எலி, மாடு, புலி என்று நாம் கேள்விப்படுகிற மிருக வரிசை.

பழைய நிகழ்ச்சிகளுக்கு அந்தப் பெயர்தான். 1894-இல் ஜப்பானோடு நடந்த போர் 'ஜியாவூ' போர். 1898-இன் அரசுச் சீர்திருத்தம் 'வூஷூ' சீர்திருத்தம், நூறு நாள் சொச்சத்தில் அரசி சீஷியால் மூட்டை கட்டப்பட்டது. எட்டு நாட்டுப் படைகள் பெய்ஜிங்கில் நுழைந்த பிறகு, 1901-இல் 45 கோடி தேல் (சீன எடை அளவு) வெள்ளி தண்டம் கட்டச் சொன்னது 'ஷின்சோ' ஒப்பந்தம். மன்னராட்சியைக் கவிழ்த்த 1911 புரட்சி 'ஷின்ஹாய்' புரட்சி. நம் கணக்கில் அந்த வருடம் விரோதிகிருது.

பேத்திக்கு இது சுவாரசியமாகவே படவில்லை. "இதெல்லாம் யார் அம்மாச்சி இப்போ சொல்றாங்க?" என்றாள். தாது வருஷப் பஞ்சம் என்று கேள்விப்பட்டிருக்கிறாயா என்று கேட்டேன். கேள்விப்பட்டிருந்தாள். கிராமத்தில் யாராவது சோற்றை வீணாக்கினால் இன்றும் எடுத்துவிடுகிற பேச்சு அது. 1876 முதல் 78 வரை மழை பொய்த்து, இருந்த தானியமும் ரயில் ஏறிப் போய், சென்னை மாகாணம் மடிந்த காலம். அதே மூன்று வருடம், அதே பருவக்கோளாறில், வட சீனாவிலும் மழையில்லை. ஷான்சி மாகாணத்தில் ஊர் ஊராகக் காலியானது. 90 லட்சம் முதல் ஒரு கோடியே முப்பது லட்சம் வரை செத்திருப்பார்கள் என்கிறார்கள். அந்தப் பஞ்சத்துக்குச் சீனர்கள் வைத்த பெயர் 'திங்-வூ பெரும்பஞ்சம்'. திங்சோ, வூயின் என்ற இரண்டு வருடப் பெயர்களின் முதல் எழுத்து. நாம் தாது என்றோம், அவர்கள் திங்-வூ என்றார்கள். அதற்கு மேல் அவள் கேள்வி கேட்கவில்லை.

1912 ஜனவரி 1 அன்று குடியரசு வந்ததும் முதல் வேலையாக ஆங்கிலக் காலண்டரை ஏற்றார்கள். சந்திரக் கணக்குப் புத்தாண்டுக்கு 'வசந்த விழா' என்று பெயர் மாற்றினார்கள். 1928-க்குப் பிறகு தேசியவாத அரசு பழைய புத்தாண்டையே ஒழித்துப் பார்த்தது. மக்கள் மதிக்கவில்லை, விழா அப்படியே நின்றது. சிரிக்காதீர்கள். சித்திரையா தையா என்று நாமும் 2008-இல் ஒரு சட்டம், 2011-இல் இன்னொரு சட்டம் போட்டவர்கள். அந்த இரண்டு வருடமும் தம்பி காலண்டரில் எந்தத் தாளில் 'தமிழ்ப் புத்தாண்டு' அடிப்பது என்று தலையைப் பிய்த்துக்கொண்டான்.

நகருகிற தேதிகள்

ஜூலை 1-ஐச் சிவப்பில் எழுதுங்கள், கம்யூனிஸ்ட் கட்சியின் பிறந்தநாள். பிறகு ஜூலை 23-க்குப் போய் அங்கேயும் எழுதுங்கள். 1921-இல் ஷாங்காயின் பிரெஞ்சுப் பகுதியில் ஒரு வீட்டில் பதின்மூன்று பிரதிநிதிகள் கூடியது உண்மையில் அன்றுதான். அப்போது கட்சியில் மொத்தமே ஐம்பது சொச்சம் பேர். முன்பின் தெரியாத ஒருவன் உள்ளே எட்டிப் பார்த்ததும் கலைந்து, ஜியாஷிங் ஊர் ஏரியில் ஒரு படகை வாடகைக்கு எடுத்துக் கூட்டத்தை முடித்தார்கள். பதினேழு வருடம் கழித்து ஆண்டுவிழா கொண்டாடலாம் என்றபோது ஜூலை என்பது நினைவிருந்தது, தேதி நினைவில்லை. சரி, மாதத்தின் முதல் நாளே இருக்கட்டும் என்று விட்டார்கள். நம் பாட்டிகள் பலரின் ஆதார் அட்டையில் ஜனவரி 1 பிறந்தநாள் இருப்பது போல.

அக்டோபர் 1-இல் ஒரு தவறு எல்லோரும் செய்வது. 1949-இல் தியானன்மென் மாடத்தில் நின்று மாவோ "சீன மக்கள் எழுந்து நின்றுவிட்டார்கள்" என்றார் என்று எழுதுவார்கள். அந்த வாசகத்தைச் செப்டம்பர் 21 அன்று, ஆலோசனை மாநாட்டின் தொடக்கத்தில் சொன்னார். அக்டோபர் 1 பிற்பகலில் செய்தது மக்கள் குடியரசின் அரசு அமைந்துவிட்டது என்ற அறிவிப்பு. நானே இருபது வருடம் தப்பாக நடத்தியிருக்கிறேன். அந்தப் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் மன்னிக்கவும்.

நீலப் பேனாவுக்கு இப்போது வேலை. செப்டம்பர் 18, 1931. ஷென்யாங் நகருக்கு அருகே தண்டவாளத்தில் ஜப்பானிய ராணுவத்தினரே ஒரு சின்ன வெடி வைத்து, சீனர்கள் மேல் பழி போட்டு, வடகிழக்குச் சீனாவான மஞ்சூரியாவைப் பிடித்தார்கள். அந்த ஊரில் இதற்கு ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. வாசலில் நிற்கும் நினைவுச்சின்னம் என்ன உருவம் தெரியுமா? விரித்து வைத்த மேஜைக் காலண்டர். மாடி உயரக் கல்லில், 1931, 9, 18, வெள்ளிக்கிழமை என்று செதுக்கி, பக்கம் முழுக்கக் குண்டு துளைத்த ஓட்டைகள். கிழிக்க முடியாத தாள். அதன் படத்தை முதலில் பார்த்தபோது எனக்குச் 'சிக்ஸ்' காலண்டர் மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது. ஒவ்வொரு வருடமும் அன்று காலை 9.18-க்கு நகரத்தில் சங்கு ஊதுகிறது. மணி பதினான்கு முறை அடிக்கிறார்கள்.

ஏன் பதினான்கு? இங்கேதான் தேதி நகர்கிறது. 1937 ஜூலை 7 அன்று பெய்ஜிங் அருகே மார்க்கோ போலோ பாலத்தில் முழுப்போர் மூண்டது, 1945-இல் முடிந்தது, அதனால் 'எட்டு வருடப் போர்' என்றுதான் தலைமுறைகள் படித்தன. 2017-இல் கல்வித்துறை எல்லாப் பாடநூலிலும் 'பதினான்கு வருடப் போர்' என்று மாற்றச் சொன்னது, 1931-இலிருந்து எண்ண வேண்டும். செத்துப்போனவர்களுக்கு வித்தியாசம் இல்லை, படிக்கிற பிள்ளைக்கு வித்தியாசம் உண்டு. 1937-இலிருந்து எண்ணினால், முழுப்போரில் பெரிய களங்களில் நின்ற சியாங் கை-ஷேக்கின் தேசியவாதப் படைகள் முன்னால் தெரியும். 1931-இலிருந்து எண்ணினால், சண்டை போடாமல் மஞ்சூரியாவை விட்டதும், அங்கே காட்டில் இருந்து போராடிய கொரில்லாக்களும் கதைக்குள் வருகிறார்கள். இரண்டு கணக்கையும் எழுதி வையுங்கள்.

டிசம்பர் 13, நான்ஜிங் வீழ்ந்த நாள், 1937. மூன்று லட்சம் பேர் கொல்லப்பட்டதாகச் சீன அரசு சொல்கிறது, ஆய்வாளர்களிடம் எண்ணிக்கை பற்றி வாதம் உண்டு, படுகொலை நடந்தது பற்றி இல்லை. அதைத் தேசிய நினைவு நாளாகச் சீன நாடாளுமன்றம் அறிவித்தது 2014-இல்தான், எழுபத்தாறு வருடம் கழித்து. செப்டம்பர் 3 வெற்றி நாளும் அதே 2014-இல். ஒரு நாளை நினைவு நாளாக அறிவித்த வருடத்தையும் தாளின் ஓரத்தில் குறியுங்கள். துக்கத்தின் தேதி ஒன்று, அதைத் துக்கமாக அறிவித்த தேதி இன்னொன்று. இரண்டாவதில்தான் இன்றைய அரசியல் இருக்கிறது. 1989-க்குப் பிறகு, தொண்ணூறுகளில், நாட்டுப்பற்றுக் கல்வி என்று ஒரு பெரிய இயக்கம் தொடங்கி, 1840 முதல் 1949 வரை 'அவமான நூற்றாண்டு' என்பதைப் பள்ளிப் பிள்ளைகளின் மனதில் ஆழமாக இறக்கினார்கள். 2024 ஜனவரி 1 முதல் அதற்குத் தனிச் சட்டமே இருக்கிறது.

அபினியில் நம் பங்கு

ஆகஸ்ட் 29, 1842, அபினிப் போரில் பிரிட்டனிடம் தோற்ற சீனா கையெழுத்துப் போட்ட நான்ஜிங் ஒப்பந்தம். ஹாங்காங் போனது, ஐந்து துறைமுகம் திறந்தது, இரண்டு கோடியே பத்து லட்சம் வெள்ளி டாலர் தண்டம். இது எல்லாப் புத்தகத்திலும் இருக்கும், அதனால் வேகமாகக் கடந்துவிடலாம். அபினி வங்காளம், பீகார் பக்கம் விளைந்தது என்பதும் தெரிந்ததே. ஆனால் 1841 மே கடைசித் தாள்களில் நிறுத்துங்கள். குவாங்சோவுக்கு வெளியே சான்யுவான்லி என்ற கிராமப் பகுதியில் விவசாயிகள் ஈட்டியும் மண்வெட்டியுமாகத் திரண்டு பிரிட்டிஷ் படையை வளைத்தார்கள். கொட்டுகிற மழையில், துப்பாக்கி மருந்து நனைந்து, வழி தவறி மாட்டிக்கொண்ட பிரிவு 37-ஆவது மெட்ராஸ் நேட்டிவ் இன்ஃபன்ட்ரி, நம் சென்னை மாகாணச் சிப்பாய்ப் படை. சீனப் பாடநூல்களில் சான்யுவான்லி மக்கள் எதிர்ப்பின் முதல் பெருமை. நம் பாடநூலில் அந்தச் சிப்பாய்கள் இல்லவே இல்லை. இதற்கு எந்த நிறம் என்று எங்களுக்கு முடிவாகவில்லை. பேத்தி பச்சைப் பேனா வாங்கி வந்தாள்.

பென்சில் தாள்கள்

ஜூன் 4 எல்லோருக்கும் தெரியும். 1989 ஏப்ரல் 15 அன்று கட்சியின் முன்னாள் பொதுச்செயலர் ஹூ யாவ்பாங் இறந்ததில் தொடங்கி, தியானன்மென் சதுக்கத்தில் மாணவர் போராட்டம், மே 13 உண்ணாவிரதம், மே 20 ராணுவச் சட்டம், ஜூன் 3 இரவு ராணுவத்தின் துப்பாக்கி. எத்தனை பேர் செத்தார்கள் என்பதற்கு நூற்றுக்கணக்கிலிருந்து ஆயிரக்கணக்கு வரை சொல்கிறார்கள். சீன இணையத்தில் அந்தத் தேதியை எழுதினால் அழிக்கப்படும் என்பதால் ஆட்கள் 'மே 35' என்று எழுதினார்கள். மே 31-க்கு மேல் நான்கு நாள் கூட்டிப் பாருங்கள். எந்தக் காலண்டரிலும் இல்லாத தாளை அவர்களே அடித்துக்கொண்டார்கள். தம்பியிடம் இதைச் சொன்னபோது, "அக்கா, எங்க தொழில்ல இதுக்குப் பேரு பிழை" என்றான். ஹாங்காங்கில் மட்டும் 2019 வரை வருடம் தவறாமல் மெழுகுவத்தி ஏற்றினார்கள், 2020 முதல் அனுமதி இல்லை.

அப்புறம் எங்களுக்கு ஒரு சிக்கல் வந்தது. 1958-இல் மாவோவின் 'பெரும் பாய்ச்சல்', கிராமமெல்லாம் கம்யூன் என்ற கூட்டுப்பண்ணை, வீட்டுச் சட்டிபானையைக் கொல்லைப்புற உலையில் உருக்கி எஃகு செய்யும் முயற்சி. விளைச்சலை ஒன்றுக்குப் பத்தாகக் கணக்குக் காட்டினார்கள், அந்தப் பொய்க் கணக்குக்கு ஏற்ப அரசு தானியத்தை அள்ளியது. 1961, 62 வரை பஞ்சம். ஒன்றரைக் கோடியிலிருந்து நாலரைக் கோடி வரை மதிப்பீடுகள் இருக்கின்றன. மனித வரலாற்றில் இதைவிடப் பெரிய பஞ்சம் பதிவில் இல்லை. சீனாவில் அதை 'மூன்று வருடக் கஷ்டம்' என்று சொல்லிக் கடப்பார்கள். சரி, இதை எந்தத் தாளில் எழுதுவது? தொடங்கிய நாள் இல்லை, முடிந்த நாள் இல்லை, யாரும் நினைவு நாள் வைக்கவில்லை. புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, தாள் எல்லாவற்றுக்கும் பின்னால் இருக்கிற அட்டையில் எழுதினேன். நீங்களும் அங்கேயே எழுதுங்கள்.

மாவோ தொடங்கிவைத்துப் பத்து வருடம் நாட்டைக் கலக்கிய கலாச்சாரப் புரட்சிக்கு மே 16, 1966. இதற்கு முழுக்கப் பென்சில் வேண்டாம். 1981-இல் கட்சியே தீர்மானம் போட்டு அது பெரும் பிழை என்று ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொள்வது வேறு, பேச விடுவது வேறு.

நவம்பர் 24-க்கு ஒரு நல்ல கதை. 1978, அன்ஹூய் மாகாணம் ஷியாவ்காங் கிராமம். பதினெட்டுக் குடும்பத்து ஆட்கள் இரவில் ஒரு வீட்டில் கூடி, கூட்டு நிலத்தை ரகசியமாகப் பங்கு பிரித்துக்கொண்டு ஒரு காகிதத்தில் கைநாட்டு வைத்தார்கள். பிடிபட்டுச் சிறைக்குப் போகிறவரின் பிள்ளைகளைப் பதினெட்டு வயது வரை மற்றவர்கள் வளர்ப்பது என்றும் எழுதினார்கள். அடுத்த மாதம் பெய்ஜிங்கில் கட்சியின் மத்தியக் குழு கூடி, தெங் ஷியாவ்பிங்கின் பொருளாதாரச் சீர்திருத்தப் பாதைக்குக் கதவு திறந்தது. அந்தக் காகிதம் இன்று தேசிய அருங்காட்சியகத்தில். ரகசியமாகச் செய்தது சிவப்புத் தாளான கதை இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

அட்டையின் முன்பக்கம்

நம் காலண்டரில் இந்து பண்டிகை, கிறிஸ்தவப் பண்டிகை, முஸ்லிம் பண்டிகை, அரசு விடுமுறை என்று ஒரு பட்டியல் இருக்கும். யாரெல்லாம் இந்த ஊர்க்காரர்கள் என்று சொல்கிற பட்டியல் அது. சீனாவின் பட்டியலில் 56 இனங்கள். 1953 கணக்கெடுப்பில் நீங்கள் யார் என்று கேட்டதற்கு 400-க்கும் மேற்பட்ட பெயர்கள் வந்தன. யூனான் மாகாணத்தில் மட்டும் 260-க்கு மேல். ஆய்வாளர்களை அனுப்பித் தொகுத்து, சேர்த்து, 1979-இல் ஜீனோ மக்களோடு 56 என்று மூடினார்கள். அடையாள அட்டையில் அந்த இனப்பெயர் அச்சாகும். 2020 கணக்கில் ஹான் மக்கள் 91 விழுக்காடு. இத்தனை பேரையும் சேர்த்து 'ஜோங்ஹுவா மின்சு', சீனத் தேசிய இனம், என்ற சொல்லை 1902 வாக்கில் எழுத்தில் கொண்டுவந்தவர் சீர்திருத்த எழுத்தாளர் லியாங் சிச்சாவ். சொல்லுக்கு வயது நூற்றிச் சொச்சம்தான். ஐயாயிரம் வருடப் பழமை என்று யாராவது தொடங்கினால் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டியலில் இருந்தாலும் தேதி ஒத்துவராத இடங்கள் உண்டு. அவற்றுக்குத் தாளை இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். மார்ச் 10, 1959 லாசா எழுச்சி நாள் என்று நாடு விட்டு வந்த திபெத்தியர்கள் அனுசரிக்கிறார்கள். அதே மாதம் 28-ஐப் 'பண்ணையடிமைகள் விடுதலை நாள்' என்று 2009-இலிருந்து திபெத் பகுதி அரசு கொண்டாடுகிறது. அக்டோபர் 10, 1911 வூச்சாங் எழுச்சி, மேலே சொன்ன ஷின்ஹாய் புரட்சியின் தொடக்கம். அதற்கு முந்தின நாள் ஒரு வெடிகுண்டு தவறி வெடித்ததால் அவசரமாகத் தொடங்கியது. 1949-இல் தோற்ற தேசியவாத அரசு போய்ச் சேர்ந்த தைவானுக்கு அது தேசிய நாள், பெய்ஜிங்குக்கு நினைவுகூரலாம் என்கிற நாள். பிப்ரவரி 28, 1947 தைவானில் தேசியவாத அரசு நடத்திய படுகொலை, நாற்பது வருடம் பென்சிலில் இருந்தது. இன்று அங்கே விடுமுறை. அந்தத் தாளில் பென்சில் எழுத்தின் மேலேயே நீலத்தில் எழுதச் சொன்னேன்.

மொழிக்கும் ஒரு தாள். 1958 பிப்ரவரி 11, சீன ஒலிகளை ரோமன் எழுத்தில் எழுதும் பின்யின் முறைக்கு ஒப்புதல். பெய்ஜிங் பேச்சை அடிப்படையாக வைத்த 'பொதுமொழி'யை நாடு முழுக்கக் கொண்டுபோக உதவிய கருவி. கான்டனீஸ் பேசுகிறவர் வீட்டில் ஒன்று, பள்ளியில் ஒன்று. இதைப் படிக்கும்போது ஜனவரி 25-ஐயும் புரட்டிப் பாருங்கள். 1965-இல் மதுரையில் அன்று மாணவர் ஊர்வலத்தில் மோதல் வெடித்ததும், மாநிலமே பற்றிக்கொண்டதும், இன்று அது மொழிப்போர் தியாகிகள் நாளாக இருப்பதும் நமக்குத் தெரியும். எனக்கு எட்டு வயது. அப்பா அச்சகத்தை மூடிவிட்டு வந்து கதவைத் தாழிட்டார். தேதி எப்படிச் செத்தவர்களின் பெயராகிறது என்பதைப் புரிந்துகொள்ள ஷென்யாங் வரை போக வேண்டாம். அதற்காக எல்லாவற்றையும் நம்மோடு ஒப்பிட்டுக்கொண்டே போகவும் கூடாது, ஒப்பீடு உள்ளே நுழைவதற்கு மட்டும்.

அக்டோபர் 20, 1962 எல்லைப் போர் நமக்குப் பெரிய தாள், அங்கே அவ்வளவாகப் பேசப்படாத தாள். மறு வருடம் 1963-இல் பீகிங் வானொலி தமிழில் பேசத் தொடங்கியது. அப்பா சிற்றலையில் அதைத் திருப்புவார். அம்மாவுக்குப் பயம், சத்தத்தைக் குறைக்கச் சொல்வாள்.

சோதிப்பது எப்படி

வாரத்துக்கு மூன்று தாளுக்கு மேல் எழுதாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை யாராவது கண்ணை மூடிக்கொண்டு ஒரு தாளைப் புரட்ட வேண்டும். எழுதிய தாள் வந்தால், காபி ஆற்றி முடிப்பதற்குள் கதையைச் சொல்ல வேண்டும், நிறம் ஏன் என்றும் சொல்ல வேண்டும். எழுதாத தாள் வந்தால் முன்னும் பின்னும் இருப்பதை வைத்து அந்த மாதத்தைச் சொல்ல வேண்டும். இதில் பேத்தி என்னைப் பல தடவை தோற்கடித்தாள்.

காலண்டரைக் கூடத்தில் மாட்டாதீர்கள். எங்கள் வீட்டில் பால் கணக்கு எழுத ஆகஸ்ட் 29-ஐக் கிழித்துவிட்டார்கள், நான்ஜிங் ஒப்பந்தம் பால்காரரோடு போனது. படிக்கிற அறையில் ஆணியடித்து மாட்டுங்கள். பேத்தி விடுதிக்குப் போகும்போது எங்கள் காலண்டரையும் எடுத்துப் போய்விட்டாள். தம்பி பரணில் இன்னும் நூற்றித் தொண்ணூறுக்கு மேல் கிடக்கிறது, 'சிக்ஸ்' என்று இருப்பது பரவாயில்லை என்றால் சும்மாவே தருகிறான். புதிதாக வாங்குகிறவர்கள் ஒரு தாளைத் தூக்கிப் பின்பக்கம் வெள்ளையா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.